சேத்தக் உதறுகிறதா? முதலில் ரப்பரைப் பாருங்கள்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய ஸ்கூட்டர்களின் உதறலைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இன்ஜினை வண்டி உடம்போடு பிணைக்கும் மவுண்டிங் ரப்பருக்கே கொடுத்துவிட்டேன். மற்ற கேள்விகள் அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் வரும்.

கேள்வி: அப்பா 1989இல் வாங்கிய பஜாஜ் சேத்தக் எங்கள் வீட்டில் இருக்கிறது. எட்டு வருஷம் திண்ணையில் நின்றது, போன வருஷம்தான் சரிசெய்து ஓட்ட ஆரம்பித்தேன். முதல் கியரில் கிளட்சை விட்டால் அடியில் 'டொக்' என்று ஒரு அடி. வளைவில் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிகிறது. ஃபுட்போர்டு நடுங்கி நடுங்கிப் பத்துக் கிலோமீட்டரில் கால் மரத்துப்போகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "கிராங்க் போச்சு, இன்ஜினைப் பிரிச்சு ரீபோர் போட்டு எல்லாத்தையும் மாத்தணும்" என்கிறார். செய்துவிடலாமா அண்ணே?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு, போயிருக்கலாம், இல்லை என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற மூன்று அறிகுறியும், அந்த 'டொக்', அந்த நெளிவு, ஃபுட்போர்டு நடுக்கம், மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இன்ஜின் புஷ், அதாவது அந்த மவுண்டிங் ரப்பர். சில நூறு ரூபாய் ரப்பரைப் பார்க்காமல் பல ஆயிரம் ரூபாய் இன்ஜின் வேலைக்குப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இன்ஜினையும் புதுசு பண்ணி, அதே செத்த ரப்பரில் திரும்ப மாட்டி, "இன்னும் உதறுதே" என்று அடுத்த பட்டறைக்குப் போவார்கள். அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வயிறு எரியும்.

சேத்தக்கின் உடம்பு எப்படி ஆனது என்று தெரிந்தால் விஷயம் உடனே பிடிபடும். 1946இல் இத்தாலியில் பியாஜியோ கம்பெனிக்காக வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். தனியாக ஒரு ஃப்ரேம் வைத்து அதன்மேல் தகடு போர்த்தாமல், மடித்துப் பற்றவைத்த தகட்டையே உடம்பாக்கினார். சங்கிலி கிடையாது, பின்சக்கரம் நேரே கியர்பாக்ஸ் தண்டிலேயே மாட்டியிருக்கும். பஜாஜ் 1960 வாக்கில் பியாஜியோவோடு ஒப்பந்தம் போட்டு இங்கே வெஸ்பா தயாரித்தது. அந்த ஒப்பந்தம் 1971இல் முடிந்ததும், 1972இல் மகாராணா பிரதாப்பின் குதிரைப் பெயரோடு சேத்தக் வந்தது. பெயர் மாறினாலும் எலும்புக்கூடு அதேதான்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், உங்கள் வண்டியில் இன்ஜின்தான் பின்சக்கரத்தைத் தாங்கும் கையும். அதன் முன்முனையில் குறுக்கே ஒரு நீளமான போல்ட் போகும், பட்டறையில் ஃபவுண்டேஷன் போல்ட் என்போம். அதன் இரண்டு முனையிலும் இன்ஜினின் வெளிக்கூடான கேசிங்குக்குள் ரப்பர் புஷ் இருக்கும். அந்த இரண்டு ரப்பரைப் பிடித்துக்கொண்டுதான் இன்ஜினும் சக்கரமும் மேலும் கீழும் ஆடுகின்றன. பின்னால் ஷாக் அப்சர்பரின் அடி போல்ட்டில் ஒரு ரப்பர், உச்சியில் ஒரு ரப்பர். மொத்தம் நாலு இடம், அவ்வளவுதான்.

ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், 145 சிசி. 57 மில்லிமீட்டர் தூரத்துக்குப் பிஸ்டன் ஏறி இறங்கி அடிக்கிற அடியைக் கிராங்கின் எதிர் எடை ஓரளவுதான் சமன் செய்யும், மீதியை ரப்பர்தான் குடிக்க வேண்டும். ரப்பர் கல்லாகிவிட்டால் அந்த அடி நேரே தகட்டுக்குப் போகும், தகட்டிலிருந்து உங்கள் காலுக்கு. ரப்பர் பிய்ந்துவிட்டால் கிளட்ச் பிடிக்கும்போது மொத்த இன்ஜினும் ஒரு நொடி முன்னால் தாவி இரும்பில் இடிக்கும், உங்கள் 'டொக்' அதுதான். முன்முனையில் நெல்மணி அளவுக்கு ஆட்டம் விட்டாலும் சக்கரத்துக்குப் போகும்போது அது பெருகிவிடும், வளைவில் முன்சக்கரம் ஒரு கோட்டிலும் பின்சக்கரம் வேறு கோட்டிலும் போகும். அதுதான் நீங்கள் சொன்ன பாம்பு.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, ஒருவர் பின்சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கட்டும், நீங்கள் டார்ச் அடித்து அடியில் பாருங்கள். சக்கரம் மட்டும் ஆடி கேசிங் அசையாமல் இருந்தால் அது வீல் நட்டோ ஆக்சில் பேரிங்கோ. சக்கரமும் கேசிங்கும் ஒன்றாகச் சேர்ந்து உடம்புக்கு எதிராக அசைந்தால் புஷ் போய்விட்டது. இன்னொரு சோதனை: நியூட்ரலில் நிறுத்தி மெல்ல ஆக்சிலேட்டர் கொடுங்கள். நின்ற இடத்திலேயே வேகம் ஏற ஏற ஒரு முனகலும் உதறலும் கூடவே ஏறினால் இன்ஜினுக்குள்ளும் சந்தேகப்பட வேண்டும். வண்டி நகரும்போதும் கிளட்ச் பிடிக்கும்போதும் மட்டும் தொல்லை என்றால் ரப்பர் பக்கம்தான் பாரம் அதிகம்.

கேள்வி: புஷ் போய்விட்டது உறுதி. நானே மாற்ற முடியுமா? ஐடிஐ படித்திருக்கிறேன், ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்.
(ஈரோடு வாசகர்)

பதில்: தாராளமாக முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக வேண்டும், கூட ஒரு ஆளும் வேண்டும். தனியாக இறங்காதீர்கள், கடைசி போல்ட்டை உருவும் நேரத்தில் உடம்பைப் பிடிக்க ஒரு கை கட்டாயம் தேவைப்படும்.

பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, வலது சைடு பேனலைக் கழற்றுங்கள். சைலன்சரையும் கழற்றி வைத்துவிட்டால் கை தாராளமாகப் போகும். அப்புறம் கார்ப்பரேட்டர் பெட்டியிலிருந்து ஆக்சிலேட்டர் வயர், சோக் வயர், பெட்ரோல் டியூப். அடியில் கிளட்ச் வயர், பின் பிரேக் வயர், இரண்டு கியர் வயர். கியர் வயர் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றி மாட்டினால் கியர் தலைகீழாக விழும். ஒன்றில் சிவப்பு நூல் கட்டிவிட்டுக் கழற்றுங்கள். கரண்ட் வயர் சந்திக்கிற பெட்டியைத் திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினுக்கு அடியில் பழைய டயர் ஒன்றைப் போட்டு அதில் உட்காரவைத்துவிட்டு ஷாக் அப்சர்பரின் அடி போல்ட்டை எடுங்கள். கடைசியாக ஃபவுண்டேஷன் போல்ட். அதை உருவியதும் உடம்பைத் தூக்கினால் இன்ஜின் அப்படியே டயர்மேல் நின்றுவிடும்.

பழைய ரப்பரை வெளியே எடுப்பதில்தான் பொறுமை தேவை. வண்டியின் வருஷத்தையும், இடையில் யார் என்ன மாட்டினார்கள் என்பதையும் பொறுத்து, உள்ளே வெறும் ரப்பரும் நடுவில் இரும்புக் குழாயும் இருக்கலாம், வெளியே இரும்பு உறை போட்ட புஷ்ஷாகவும் இருக்கலாம். ரப்பரில் சுற்றிலும் டிரில் போட்டுச் சல்லடை மாதிரி ஆக்கிவிட்டால் நடுக்குழாய் கழன்று வந்துவிடும். இரும்பு உறை இருந்தால் ஆக்ஸா பிளேடை உள்ளே விட்டு உறையை மட்டும் ஒரு கோடு அறுத்து, உளியால் உள்பக்கமாக மடக்கி எடுங்கள். கேசிங் அலுமினியம், பிளேடு உறையைத் தாண்டி அதில் இறங்கிவிடக் கூடாது. அடிக்கடி நிறுத்தி விரலால் தடவிப் பாருங்கள், அவசரம் வேண்டாம்.

எடுத்த ரப்பரைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பாருங்கள். என் வண்டியில் கழற்றியதை இன்னும் பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறேன். நடுக்குழாய் நடுவிலேயே இல்லை, ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் ரப்பர் சுண்டுவிரல் தடிமன், எதிர்ப்பக்கம் வெற்றிலை தடிமன்கூட இல்லை, அங்கே குழாய் உராய்ந்து உராய்ந்து பிறை மாதிரி பளபளவென்று ஒரு தேய்மானம். நகத்தை வைத்து அழுத்தினால் ரப்பர் அமுங்காது, உளுந்து வடையின் ஓரம் மாதிரி உதிரும். அவ்வளவு நாள் அதை நம்பித்தான் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போயிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றைக்கும் பதறுகிறது.

கழற்றியதை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். சென்னை என்றால் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு, மற்ற ஊர்களில் பழைய ஸ்கூட்டர் சாமான் வைத்திருக்கிற கடை. "சேத்தக் புஷ் கொடுங்க" என்று வாயால் மட்டும் கேட்டால் அவர் கையில் இருப்பதைக் கொடுப்பார். நீளம், வெளி விட்டம், உள் விட்டம் மூன்றையும் வெர்னியர் அளவுகோல் வைத்து ஒத்துப் பாருங்கள்.

புதியதைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். கேசிங் துளையை எமரித் தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, முழு நீளத்துக்கு மரை போட்ட கம்பி ஒன்று, இரண்டு பக்கமும் தடித்த வாஷர், நட், இவ்வளவையும் வைத்து ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் புஷ் நேராக உள்ளே போய் உட்காரும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் ஆயிலும் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எல்லாம் மாட்டி முடித்ததும் ஃபவுண்டேஷன் போல்ட்டை உடனே முழுசாக முறுக்கிவிடக் கூடாது. கையிறுக்கமாக வைத்து, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஒருவர் சீட்டில் உட்கார, சக்கரம் தரையில் பாரத்தோடு நிற்கும்போது கடைசி முறுக்கு கொடுங்கள். நட்டை இறுக்கியதும் நடுக்குழாய் உடம்போடு பிடித்துக்கொள்ளும், அதற்கப்புறம் சக்கரம் ஏறி இறங்கும் அசைவு முழுக்க ரப்பரின் முறுக்கில்தான் நடக்கிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், இறக்கி வைத்த நிமிஷத்திலிருந்தே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் பிய்ந்துவிடும். நட்டும் புதுசாகப் போடுங்கள், பழைய லாக் நட் வேண்டாம்.

கேள்வி: ஒரு பக்கப் புஷ் நன்றாகத்தான் இருக்கிறது. போனதை மட்டும் மாற்றலாமா?
(தேனி வாசகர்)

பதில்: வேண்டாம். ஒரு பக்கம் மெத்து, ஒரு பக்கம் கல் என்றால் இன்ஜின் கோணலாகத்தான் உட்காரும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஷாக் அப்சர்பர் ரப்பர் இரண்டையும் அதே கையோடு முடித்துவிடுங்கள், மேல் நட்டைத் தொடப் பெட்ரோல் டேங்கை இறக்க வேண்டியிருக்கும் என்பதால் பலரும் அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஃபவுண்டேஷன் போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது. மூன்று நாளாக அடிக்கிறேன், தலைதான் நசுங்குகிறது. கேஸ் வெல்டிங் வைத்துச் சூடாக்கினால் வந்துவிடும் என்கிறார்கள்.
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: சுத்தியலைக் கீழே வையுங்கள் சார். நெருப்பு வைக்கவே வைக்காதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், எனக்கென்று வாங்கிய முதல் ஸ்கூட்டரை ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். மாலையில் போனபோது ரப்பரை கேஸ் நெருப்பால் எரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் புகை, தாங்க முடியாத நாற்றம். புஷ் வந்துவிட்டது, வேகமாகத்தான் வந்தது. புதியதை அடித்து ஏற்றினார்கள். இரண்டு வாரத்தில் கேசிங்கில் புஷ் உட்காரும் அந்தக் காதுப்பக்கம் முடி மாதிரி ஒரு விரிசல், ஒரு மாதத்தில் அதில் விரல் நகம் நுழைந்தது. அலுமினியத்துக்கு ஒரே இடத்தில் அவ்வளவு சூடு கொடுத்து அப்புறம் அடியும் கொடுத்தால் என்ன ஆகும்? கேசிங் பாதியை மாற்ற வேண்டியதாயிற்று. பக்கத்தில் பெட்ரோல் டியூப் தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

உங்கள் ஊர் உப்புக் காற்றில் அந்த போல்ட்டும் நடுக்குழாயும் துருவால் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். துருவை இளக்கும் ஸ்ப்ரே கிடைத்தால் அது, இல்லாவிட்டால் டீசல், இரண்டு முனையிலும் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் மறுபடி விட்டு, தலையை ஸ்பேனரால் இரண்டு பக்கமும் திருப்பப் பாருங்கள். முதலில் திரும்ப வேண்டும், அப்புறம்தான் வெளியே வரும். திரும்ப ஆரம்பித்துவிட்டால், நட்டை போல்ட் முனைக்குச் சமமாகத் திருகி வைத்து, பித்தளைக் கட்டையை இடையில் கொடுத்துத் தட்டுங்கள், மரை கெடாது.

இரண்டு மூன்று நாள் ஊறியும் வரவில்லையா? அப்போது போல்ட்டைத் தியாகம் செய்துவிடலாம். கேசிங்குக்கும் உடம்புத் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஆக்ஸா பிளேடை மட்டும் விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். கை கொப்பளிக்கும், அரை நாள் போகும். ஆனால் புது போல்ட் கடையில் கிடைக்கும், உங்கள் வண்டியின் எண் அடித்த கேசிங் கிடைக்காது. மாட்டும்போது போல்ட்டின் நடுத்தண்டில் மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள், ரப்பரில் படாமல். அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

கேள்வி: ரப்பர் அடிக்கடி போகிறது என்று லேத்தில் நைலான் புஷ் கடைந்து தருகிறார்கள். வாழ்நாள் முழுக்க வரும் என்கிறார்கள். போடலாமா?
(கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: கோவை லேத்காரர்களின் கைவேலை மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர்கள் கடைந்த எத்தனையோ சாமான் என் பட்டறையில் ஓடுகிறது. ஆனாலும் இந்த இடத்துக்கு நைலான் வேண்டாம். அது தேயாது, சரி. ஆனால் அதிர்வையும் குடிக்காது. அது குடிக்காததை உடம்புத் தகடு வாங்கிக்கொள்ளும், பற்றவைத்த இடங்களில் விரிசல் விட ஆரம்பிக்கும். புஷ் வாழ்நாள் முழுக்க வந்து உடம்பு வராமல் போனால் என்ன லாபம்? அதே மாதிரி சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றித் திணிப்பதும் ஒருவேளை வீடு வந்து சேர உதவும், அதற்கு மேல் நம்பாதீர்கள்.

கேள்வி: புது ரப்பர் போட்ட பிறகு உதறல் முன்பைவிட அதிகமாகிவிட்டது. ஏமாந்துவிட்டேனா?
(மதுரை வாசகி)

பதில்: அப்படி உடனே முடிவு கட்டாதீர்கள் அம்மா. மூன்று இடம் பாருங்கள். முதலில், நான் மேலே எழுதிய கடைசி முறுக்கு. உங்கள் மெக்கானிக் வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே இறுக்கியிருந்தால், நட்டைத் தளர்த்தி, வண்டியைக் குலுக்கிவிட்டு, ஆள் உட்கார்ந்த நிலையில் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள், பத்து நிமிஷ வேலை. அடுத்து சைலன்சர். பழைய ரப்பரில் சரிந்து கிடந்த இன்ஜின் இப்போது தன் இடத்துக்கு ஏறியிருக்கும், அந்தச் சரிவுக்கு ஏற்ற மாதிரி வளைத்து மாட்டியிருந்த சைலன்சர் இப்போது எங்கேயாவது இடிக்கும். இன்ஜின் ஆறிய பிறகு சைலன்சரைச் சுற்றி விரலை விட்டுப் பாருங்கள், விரல் நுழையாத இடத்தில்தான் தொல்லை. மூன்றாவது, ரப்பரே மட்டம். அலமாரியில் பல வருஷம் கிடந்து இறுகிப்போனதைப் புதுசு என்று விற்பதும் உண்டு. ரப்பர் ஓடினால்தான் கெடும் என்றில்லை, காற்றுப் பட்டே இறுகும். கும்பகோணம் வண்டி எட்டு வருஷம் நின்றே கெட்டதும் அப்படித்தான். அடுத்த முறை கடையில் வாங்கும்போது கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி, எடுத்ததும் பழையபடி எழும்ப வேண்டும். அழுத்தமே விழாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது தாத்தாவின் விஜய் சூப்பர். நீங்கள் சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்துமா?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: விஜய் சூப்பரா, நல்ல வண்டி, பத்திரமாக வைத்திருங்கள். அது லாம்ப்ரெட்டா வம்சம். இத்தாலியின் இன்னொசென்டி கம்பெனியிடமிருந்து லாம்ப்ரெட்டா எந்திரங்களை வாங்கி லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா தயாரித்தது. அதில் உடம்புத் தகடு பாரம் தாங்குவதில்லை, அடியில் குழாய் ஃப்ரேம் இருக்கிறது, இன்ஜின் சேத்தக் மாதிரி வலது பக்கமாக இல்லாமல் நடுவில் நீளவாக்கில் கிடக்கும், கேசிங்குக்குள்ளே சங்கிலி ஓடும். ஆனாலும் இன்ஜின்தான் சக்கரத்தைத் தாங்கும் கை, அது ரப்பரில்தான் தொங்குகிறது. அதனால் சோதிக்கும் முறை, நெருப்பு வைக்காதது, ஆள் உட்கார்ந்து இறுக்குவது எல்லாம் பொருந்தும். சாமான் மட்டும் வேறு. சேத்தக் புஷ்ஷை அதில் திணிக்க யார் முயன்றாலும் விடாதீர்கள். உங்கள் வண்டியில் இப்போது எந்த அறிகுறியும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் அடியில் ஒட்டிய சேற்றையும் வழிந்த ஆயிலையும் துடைத்துச் சுத்தமாக வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒரு தரம் சக்கரத்தை அசைத்துப் பார்த்தால் போதும். கழற்ற வேண்டாம்.